ஏரிக்கரையைச் சோதிப்பது எப்படி: மழைக்கு முன்னும், மழை நாளிலும், தண்ணீர் இறங்கிய பின்னும்

2008 நவம்பர் கடைசி வாரத்தில், நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்த நாட்களில், ஒரத்தநாட்டுப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் ஏரிக்கரையில் நான்கு இரவுகள் விழித்திருந்தோம். மூன்றாம் இரவு, கரையின் வெளிப்பக்க அடியில், வயலை ஒட்டித் தண்ணீர் ஊறுவதாக ஒருவர் வந்து சொன்னார். ஓடினோம். மணல் மூட்டை, வைக்கோல், களிமண் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அந்த வாயில் திணித்து மிதித்தோம். ஊற்று நின்றது. அரை மணி நேரம் கழித்துப் பத்தடி தள்ளி, முன்பைவிடப் பெரிதாக, சேற்று நிறத்தில் பீறிட்டது.

ஓய்வுபெற்ற லஸ்கர் (மதகையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் பாசன ஊழியர்) ஒருவர் அந்த நேரத்தில் வந்து சேர்ந்திராவிட்டால் கரை போயிருக்கும். நாங்கள் திணித்த எல்லாவற்றையும் பிடுங்கிப் போடச் சொன்னார். தண்ணீரை விட்டுவிடுங்கள், மண்ணை மட்டும் பிடித்து வையுங்கள் என்றார். அந்தச் சொல் எனக்கு முழுதாக விளங்கப் பல மழைக்காலங்கள் ஆயின. மண் கரையைப் பற்றி நான் கற்ற எல்லாம் அதிலிருந்து தொடங்கியவை. அவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

இது ஏன் ஊரின் வேலை

டெல்டா என்றதும் ஆறும் வாய்க்காலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய்ப் பகுதியில், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில், ஊருக்கு ஊர் ஏரி உண்டு. மேற்கே புதுக்கோட்டைப் பக்கம் பெய்யும் மழை அக்னியாறு போன்ற காட்டாறுகளில் திடீரென்று வந்து இறங்கும். அந்த வேகத்தை முதலில் வாங்கிக்கொள்பவை இந்த ஏரிகள்தாம். கோடையில் பாசனக் குளம். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளத் தடுப்பு அணை. இரண்டு வேலையையும் செய்வது ஒரே மண் கரை.

நாடாளுமன்றம் 2021-இல் நிறைவேற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். நான்கைந்து மீட்டர் உயரமுள்ள நம் ஏரிக்கரை அதில் வராது. நீர்வளத் துறையின் பிரிவு அலுவலகம் பார்க்கிறது. ஆனால் ஓர் உதவிப் பொறியாளரின் பொறுப்பில் இருக்கும் நீர்நிலைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால், மழை இரவில் அவர் எல்லாக் கரையிலும் நிற்க முடியாது என்பது புரியும். சோழர் காலத்தில் ஊர்ச் சபைகள் ஏரி வாரியம் அமைத்தன, ஏரிப் பராமரிப்புக்கென்று ஏரிப்பட்டி நிலம் ஒதுக்கின. ஊரார் சேர்ந்து நீர்நிலைகளைப் பழுதுபார்க்கும் குடிமராமத்தை 1858-இல் ஆங்கிலேயர் சட்டத்தால் கட்டாயமாக்கினார்கள். கரையோடு வாழ்கிறவர்களே அதன் முதல் காவலர்கள் என்ற கணக்கு அன்றைக்கும் இருந்தது. இன்றைக்கும் அது மாறவில்லை.

சிறிய கரைதானே என்று எண்ண வேண்டாம். 2019 ஜூலை 2 இரவு மகாராட்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிறிய மண் அணை உடைந்து, கீழே இருந்த குடியிருப்பை அடித்துச் சென்றது. கசிகிறது என்று ஊர்மக்கள் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

எப்போது நடப்பது, எதை எடுத்துப் போவது

ஆண்டுக்கு நான்கு நடை. ஆவணியில் ஏரி வற்றியிருக்கும்போது ஒன்று. முதல் தண்ணீர் நிறையும்போது ஒன்று. கோடையில் விழுந்த வெடிப்பு, புதிதாகத் தோண்டிய வளை எல்லாம் முதல் நிரப்பில்தான் வெளிப்படும். முழு மட்டத்தில் நிற்கும் நாட்களில் காலையும் மாலையும். கடைசியாக, தை மாசியில் தண்ணீர் இறங்கிய பின் ஒன்று. இந்தக் கடைசி நடையை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு பேர் போக வேண்டும். ஆளுயரக் கம்பு, அளவு நாடா, கைவிளக்கு, வெள்ளைக் கண்ணாடிப் பாட்டில் இரண்டு, பத்து லிட்டர் வாளி, ஒரு நோட்டு போதும். தொலைபேசியில் படம் எடுக்கும்போது அளவு தெரிவதற்காகக் கம்பை அருகில் சாய்த்து வையுங்கள்.

முதல் நடைக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கரையின் ஒரு முனையிலிருந்து 50 மீட்டருக்கு ஒரு கல் நட்டு, சுண்ணாம்பில் எண் எழுதுங்கள். மதகு (பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்), கலிங்கு (ஏரி நிறைந்ததும் உபரி நீர் வழிந்தோடும் கட்டடம்), வளைவு, ஒற்றையடிப் பாதை ஏறும் இடம் எல்லாம் எந்தக் கல்லுக்கு அருகே என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். "புளியமரத்துக்குப் பக்கத்தில் கசிகிறது" என்று இருட்டில் தகவல் சொன்னால் யாரும் வந்து சேர முடியாது. பதினான்காம் கல் என்றால் வந்துவிடுவார்கள்.

கரை முகட்டில்

கரையின் உயரம் என்பது அதன் மிகத் தாழ்ந்த இடத்தின் உயரம்தான். மாடு இறங்கும் தடம், டிராக்டர் ஏற வெட்டிய இடம், மதகின் மேல் மண் அமுங்கிய இடம் என்று மூன்று இடங்களை முதலில் பாருங்கள். மழை விட்டதும் முகட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும் இடமே தாழ்ந்த இடம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயை வைத்து, கலிங்கின் மேல்மட்டத்திலிருந்து முகடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துவிடலாம். அது எந்த இடத்திலும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. காற்றடிக்கும்போது அலை ஏறுவதற்கும் இடம் வேண்டும் அல்லவா?

தண்ணீர் முகட்டின் மேல் வழிந்தால் மண் கரை தாங்காது. 1979 ஆகஸ்ட் 11-இல் குஜராத்தின் மச்சு-2 அணையில் நடந்தது அதுதான்: வெள்ளம் மண் கரைகளின் மேல் வழிந்து அவற்றைக் கரைத்தது, மோர்பி நகரம் மூழ்கியது.

வெடிப்புகளில் கரையின் நீளவாக்கில் ஓடுவது ஒரு வகை, குறுக்கே வெட்டுவது இன்னொரு வகை. நீளவாக்கு வெடிப்பின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கச் சரிவு நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரு பக்கமும் ஆணி அடித்த முளை நட்டு, இடைவெளியை வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். குறுக்கு வெடிப்பு அதைவிட ஆபத்து. அது தண்ணீர் உள்ளிருந்து வெளியே வர ஆயத்தமான வாய்க்கால். கம்பை விட்டுப் பார்த்து, முழு நீர்மட்டத்துக்குக் கீழ்வரை போகிறது என்றால் மழைக்கு முன் தோண்டி நிரப்பாமல் விடக் கூடாது. கரிசல் கலந்த களிமண் கரைகளில் கோடைதோறும் மேலோட்டமான வலைபோன்ற வெடிப்பு விழும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

உள்சரிவில்

தண்ணீர்ப் பக்கத்தில் அலை கடித்த இடம் சின்னப் படிபோலச் செங்குத்தாக நிற்கும். கல் பதித்த கரையானால், கல் சரிந்து மண் தெரியும் இடங்களை எண்ணுங்கள். வடகிழக்குக் காற்று நேரே மோதும் பக்கம் எது என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அங்கே கூடுதல் நேரம் செலவிடுங்கள். ஏரி நிறைந்திருக்கும்போது கரையோரத்தில் நீர்ப்பரப்பில் சுழி தெரிந்தால், உள்ளே ஒரு துளை தண்ணீரை இழுக்கிறது. அதற்குள் யாரும் கால் வைக்க வேண்டாம். எவ்வளவு நீச்சல் தெரிந்தவரானாலும் சரி, மதகு வாய் காலைப் பிடித்துக்கொண்டால் விடாது.

வெளிப்பக்க அடியில்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

பெரும்பாலோர் கரை மேல் பைக்கில் ஒரு சுற்றுப் போய்வந்து கரை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். கரையின் நோய் முகட்டில் தெரியாது. வெளிச்சரிவு நிலத்தைத் தொடும் கோட்டில், செருப்பைக் கழற்றிவிட்டு, வயலோரமாக நடக்க வேண்டும். வெறுங்காலுக்கு ஈரமும் குளிர்ச்சியும் கண்ணுக்கு முன்னால் தெரியும்.

மண் கரை என்றால் கசிவு இருக்கும். அதில் குற்றமில்லை. கரைக்குள் தண்ணீர் மெதுவாக ஊறி, ஒரு சாய்ந்த கோட்டில் இறங்கி, அடியில் வெளிவருகிறது. நாம் அறிய வேண்டியது அது மண்ணையும் கூடவே கொண்டுவருகிறதா என்பதுதான். தெளிந்த நீர் வந்தால் கரையின் மண் இருந்த இடத்தில் இருக்கிறது. கலங்கி வந்தால் உள்ளே எலி வளைபோல ஒரு குழாய் உருவாகிறது. அது வெளிப்பக்கத்தில் தொடங்கி உள்பக்கத்தை நோக்கி வளரும். வளர வளரப் பாதை குறைகிறது, நீரின் விசை கூடுகிறது, அரிப்பு இன்னும் வேகமாகிறது. உள்பக்கத் தண்ணீரைத் தொட்ட பிறகு மணிக்கணக்கில் முடிந்துவிடும். 1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் டீட்டன் அணையில் காலையில் கலங்கல் ஊற்றைப் பார்த்தார்கள்; நண்பகலுக்குள் அந்தப் பெரிய மண் அணை உடைந்துவிட்டது.

ஆகவே பாட்டில் சோதனை. ஊற்று நீரை வெள்ளைப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் அது மண். மறுநாள் அதே இடத்தில் இன்னொரு பாட்டில் பிடித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்தது வாளிக் கணக்கு: ஊற்றைச் சின்ன ஓடை வெட்டி ஓரிடத்தில் விழவைத்து, பத்து லிட்டர் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று எழுதுங்கள். பக்கத்திலேயே அன்றைய ஏரி மட்டத்தையும் எழுத வேண்டும். மட்டம் ஏறினால் கசிவு கூடுவது இயல்பு. மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் கூடினால் உடனே பிரிவு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

டெல்டாவுக்கென்று தனியாக ஓர் ஆபத்து உண்டு. நம் வண்டலுக்குக் கீழே பழைய ஆற்றுமணல் படுகைகள் ஓடுகின்றன. ஏரித் தண்ணீர் கரைக்குள் போகாமல், கரைக்குக் கீழே அந்த மணல் வழியாகப் போய், பத்து இருபது மீட்டர் தள்ளி வயலுக்குள் கொதிப்பதுபோல எழும்பும். சுற்றிலும் எறும்புப் புற்றுபோல மணல் வட்டமாகக் குவியும். இதை மணல் ஊற்று என்போம். கரையே காய்ந்திருக்கிறது, வயலில்தான் ஏதோ ஊறுகிறது என்று விட்டுவிடாதீர்கள். அடியிலிருந்து ஒரு வயல் அகலத்துக்காவது பார்த்து நடங்கள். காலடியில் நிலம் மெத்தைபோல அமிழ்ந்து எழுந்தால் அதையும் குறியுங்கள்.

கோடையில் அந்தப் பக்கம் போனாலும் இந்த இடங்கள் தம்மைக் காட்டிக்கொடுக்கும். சித்திரை வெயிலில் எல்லாம் காய்ந்து கிடக்க, கரையடியில் ஒரு திட்டு மட்டும் கோரை பச்சையாக நின்றால், அங்கே சென்ற மழையில் ஊறியிருக்கிறது.

மதகும் கலிங்கும்

கரையை ஊடுருவிக்கொண்டு போகும் எதுவும் பலவீனம்தான். கட்டடமும் மண்ணும் சேரும் விளிம்பில் மண் இறுகாது. தண்ணீர் அந்த விளிம்பைத் தேடிப் பிடிக்கும். மதகு ஷட்டரை முழுதாக இறக்கிய பிறகும் வெளிவாயில் ஓட்டம் இருந்தால், ஷட்டர் கசிகிறதா, மதகின் பக்கவாட்டு மண்ணில் வருகிறதா என்று பிரித்துப் பாருங்கள். முதலாவது தொல்லை, இரண்டாவது ஆபத்து. ஆவணியிலேயே ஷட்டரை ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்கி, திருகுத் தண்டுக்குக் கிரீஸ் வைத்துவிடச் சொல்லுங்கள். துருவேறிய ஷட்டரைக் கார்த்திகை இரவில் திருகிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கலிங்கைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதை மறைக்க விரும்பவில்லை. இன்னும் ஓர் அடி தண்ணீர் கூடுதலாக நிற்கட்டும் என்று கலிங்கு மேல் மண் மூட்டை அடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அந்த ஓர் அடி, அலைக்கும் வெள்ளத்துக்கும் என்று விட்டுவைத்த உயரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. தாளடிக்கு, அதாவது இரண்டாம் போக நெல்லுக்கு, தண்ணீர் வேண்டும் என்ற கவலை எனக்கும் உண்டு, நானும் விவசாயிதான். ஆனால் மூட்டைகளை மழைக்கு முன் எடுத்தாக வேண்டும். கலிங்கின் முன்னால் ஆகாயத்தாமரையும் பின்னால் வடிகாலில் சீமைக் கருவேலமும் அடைத்துக்கொண்டிருந்தாலும் விளைவு அதுவேதான். வடிகால் அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும் வரை ஒருமுறை நடந்து பாருங்கள்.

மரம், வளை, புற்று

கரையில் மரம் நின்றால் மண்ணைப் பிடிக்கும் என்பது பாதி உண்மை. புல்லும் வெட்டிவேரும் பிடிக்கும். பனையின் வேர் மெல்லிய நாராகப் பரவுவதால் அதுவும் பெரிய கேடு செய்யாது. ஆல், அரசு, புளி, வேம்பு போன்றவற்றின் தடித்த வேர்கள் கரைக்குள் குறுக்கே ஓடும். புயலில் மரம் சாய்ந்தால் கரையின் ஒரு கடி மண்ணோடு போகும். 2018 நவம்பரில் கஜா புயல் நம் பகுதியில் மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் வெட்டிவிட்டுத் தூரை அப்படியே விடுவது இன்னும் மோசம். சில ஆண்டுகளில் வேர் மட்கிப்போய், வேர் இருந்த இடமெல்லாம் குழாயாக நிற்கும். துறையின் அனுமதியோடு, கோடையில், தூரோடு தோண்டி எடுத்து, குழியை இடித்து நிரப்ப முடிந்தால் மட்டும் வெட்டுங்கள்.

நண்டு வளை, எலி வளைகளின் வாயை மட்டும் மண்ணால் அடைப்பது கண்துடைப்பு. கம்பால் ஆழம் பார்த்து, முடிவு வரை தோண்டி, ஈர மண்ணை அரையடி அரையடியாக இட்டு இடிக்க வேண்டும். கறையான் புற்றுக்கும் இதே முறைதான். அந்தப் புற்றுக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றிக் கும்பிடுகிறவர்கள் இருந்தால், கடப்பாரையோடு போய் நிற்காதீர்கள். ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, வழிபாட்டுக்குக் கரைக்கு வெளியே ஓர் இடம் அமைத்துக்கொடுத்த பிறகு செய்யுங்கள்.

பிரிவு அலுவலகத்துக்கு எழுதும்போது

கல் எண், ஏரி மட்டம், தேதி, நேரம், தெளிவா கலங்கலா, வாளி நிறையும் விநாடி, கம்போடு எடுத்த படம். இவ்வளவும் இருக்கும் ஒரு பக்க மனுவுக்கு, "கரை பலவீனமாக இருக்கிறது" என்ற பத்துப் பக்க மனுவைவிட மதிப்பு அதிகம். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு படி கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மழை இரவில்

கலங்கல் ஊற்றைப் பார்த்ததும் முதல் வேலை தொலைபேசி. பிரிவு அலுவலகம், கிராம நிர்வாக அலுவலர், மாவட்ட அவசர எண் 1077. அதே நேரத்தில் கரைக்குக் கீழே தாழ்வில் இருக்கும் வீடுகளுக்கு ஆள் அனுப்பி, முதியோரையும் குழந்தைகளையும் பள்ளிக்கூடத்துக்கோ மேட்டுக்கோ கிளப்புங்கள். கரை நின்றுவிட்டால் திரும்பி வந்துவிடலாம்.

பிறகு ஊற்று. வாயை அடைக்காதீர்கள். அடைத்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் வேறு இடத்தில் உடைத்துக்கொண்டு வரும். எங்களுக்கு நடந்தது அதுதான். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளைக் கிணற்றுச் சுவர்போல வட்டமாக அடுக்குங்கள். மூட்டையை முக்கால் பங்குக்குக் குறைவாகவே நிரப்பினால்தான் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். செங்கல் வரிசைபோல இணைப்பு மாற்றி அடுக்க வேண்டும். வட்டத்துக்குள் தண்ணீர் ஏற ஏற, அதன் எடை ஊற்றின் விசையைக் குறைக்கும். தண்ணீர் தெளிந்து வரும் உயரத்தோடு நிறுத்திவிட்டு, ஒரு பக்கம் வழிந்தோட வாய் விடுங்கள். கைவசம் இருந்தால் வட்டத்துக்குள் முதலில் பருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி. நீர் போகும், மண் நிற்கும். சரிவு முழுதும் ஊறிச் சேறாகியிருந்தால், அடியில் சவுக்குக் கட்டை நட்டு மூட்டைகளைப் பாரமாக அடுக்கலாம். அதிலும் நீர் வெளியேற வழி இருக்க வேண்டும்.

முகட்டை உயர்த்த மண் தேவைப்படும் அவசரத்தில், பக்கத்தில் இருக்கிறதே என்று கரையடியிலேயே மண் வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அது கரையின் காலை வெட்டுவது. மண் எங்கிருந்து வரும், மூட்டை யார் வீட்டில் இருக்கிறது என்பதை ஐப்பசி பிறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

மதகுகளைத் திறந்து மட்டத்தை இறக்கச் சொல்லலாம், ஆனால் அதை லஸ்கரோ பொறியாளரோதான் செய்ய வேண்டும். ஆபத்து இல்லாத நாட்களில் ஒரு நாளில் ஓர் அடிக்கு மேல் இறக்காமல் இருப்பது நல்லது. தண்ணீரின் தாங்கல் திடீரென்று போனால் ஈரம் ஏறிய உள்சரிவு வழுக்கி இறங்கும். வேறிடத்தில் கரையை நாமே வெட்டிவிடுவது என்ற பேச்சு இரவு இரண்டு மணிக்கு எழும். விடாதீர்கள். நம் வயலைக் காக்க வெட்டும் வெட்டு, அடுத்த ஊரின் வீடுகளில் போய் நிற்கும்.

கோடையில் பழுது பார்த்தல்

கரைக்குக் களிமண் மட்டும் போட்டால் வெடிக்கும், மணல் மட்டும் போட்டால் ஒழுகும். இரண்டும் கலந்த மண்ணை ஈரப்பதத்தோடு எடுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் சேறு ஒட்டக் கூடாது. பழைய சரிவின் மேல் அப்படியே கொட்டினால் புது மண் தனித் தோலாக வழுக்கிவிடும்; படி வெட்டி, அரையடிக் கனத்தில் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் உருளை ஓட்டி இறுக்குங்கள். பொக்லைன் வாளியால் தட்டுவது இறுக்குவது ஆகாது.

ஏரி வண்டல் வயலுக்கு உரம், கரைக்கு உதவாது. தூர்வாரும்போது உள்பக்கக் கரையடியை ஒட்டித் தோண்டவே கூடாது. ஏரிப் படுகையின் மேல் இருக்கும் களிப்படலம்தான் கீழே உள்ள மணலுக்குள் தண்ணீர் போகாமல் காக்கிறது. அதைக் கிழித்துவிட்டால், அடுத்த ஐப்பசியில் வயலில் மணல் ஊற்று எழும்.

தண்ணீர் இறங்கிய பின்

வெளியே ஊறிய ஒவ்வொரு கல்லுக்கும் நேரே உள்சரிவில் இறங்கிப் பாருங்கள். சேறு காய்வதற்குள் போனால் குழிவு, துளை, இழுத்துச் செருகிய வைக்கோல் எல்லாம் தெரியும்.

2009 மாசியில் நாங்கள் அப்படி இறங்கினோம். பதினான்காம் கல்லுக்கு நேரே, முழு நீர்மட்டத்திலிருந்து நாலடி கீழே, எப்போதோ வெட்டிய புளியமரத்தின் தூர் மட்கிப்போய் ஒரு துளை இருந்தது. கையை விட்டேன், தோள் வரை போனது. ஒன்பது நாள் தோண்டி, வேர் போன வழியெல்லாம் பின்தொடர்ந்து, படி வெட்டி இடித்து நிரப்பினோம். அதற்குப் பிறகு அந்த இடத்தில் கசிந்ததில்லை. ஆனாலும் ஏரி நிறையத் தொடங்கியதும் பாட்டிலோடு நான் முதலில் போவது பதினான்காம் கல்லுக்குத்தான்.